அக்கித் தடுப்பூசியின் இரண்டாம் தவணை: மூட்டுவலி மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வசிக்கும் என் அப்பாவுக்கு வயது 66. முழங்கால் மூட்டுத் தேய்மானத்திற்காக அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. மாத்திரையை இரண்டு ஆண்டுகளாகக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறார். இரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை இல்லை. அக்கித் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன; இரண்டாவது வரும் வியாழக்கிழமை.

முதல் தவணையின்போது, ஊசி போட்ட செவிலியர் சொன்னபடி முந்தைய நாளே மாத்திரையை நிறுத்தினோம். அன்றிரவு 101 டிகிரி காய்ச்சலும் கைவீக்கமும் வந்தன. அவை பாராசிட்டமாலில் தணிந்தன. ஆனால் முழங்கால் வலியால் இரண்டு நாட்கள் கழிவறைக்குக்கூட அவரால் தனியாக நடக்க முடியவில்லை. காய்ச்சலைவிட அதுதான் அவரை வாட்டியது.

எலும்பு மருத்துவர் தடுப்பூசி போடுபவரைக் கேட்கச் சொல்கிறார். அவர்களோ எலும்பு மருத்துவரைக் கேட்கச் சொல்கிறார்கள். பக்கவிளைவைத் தடுக்கவென்று முன்கூட்டியே வலிமாத்திரை போடக்கூடாது என்ற அறிவுரையைப் படித்திருக்கிறேன். நோய் எதிர்ப்புத்திறன் உருவாவது குறையலாம் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் அப்பா அதை எடுப்பது தினசரி சிகிச்சையாக.

இப்படித் தொடர்ந்து எடுப்பவர்கள் ஊசிக்கு முன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, வழக்கம்போலத் தொடரலாமா என்பதை இங்குள்ள மருத்துவர்களோ மருந்தாளுநர்களோ தெளிவுபடுத்த முடியுமா?