லொறி, வேன், பட்டா (சின்ன லொறி) வைத்திருப்பவர்களே: காப்புறுதிக் கிளைம் கேட்டபோது உங்களுக்கு என்ன நடந்தது?

கந்தப்பளை, மரக்கறி லொறி

எங்களுடையது கென்டர். கரட், லீக்ஸ், கோவா ஏற்றித் தம்புள்ளைக்கும் பேலியகொடை மெனிங் சந்தைக்கும் ஓடுகிறது. போன மழைக்காலத்தில் ரம்பொடை இறக்கத்தில், முன்னால் போன பஸ் சட்டென்று நின்றதால் டிரைவர் இடப்பக்கம் வெட்டியிருக்கிறார். கல் மதிலில் உரசி லொறியின் பொடி கிழிந்துவிட்டது. ஹெட்லைட்டும் போச்சு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேதத்தை மதிப்பிடும் காப்புறுதி அசெசர் நுவரெலியாவிலிருந்து வந்தார். நெளிந்த இடத்தைப் படம் பிடித்த கையோடு பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். “சாமான் யாருடையது?” என்று கேட்டார். பாதி எங்கள் தோட்டத்தது, மீதி பக்கத்துத் தோட்டக்காரர்களுடையது, மூட்டைக்கு இவ்வளவு என்று ஹயர் வாங்கி ஏற்றியது. டிரைவர் அப்படியே சொன்னார். மூட்டைக் கணக்கு எழுதிய துண்டையும் கேட்டு வாங்கி அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

லொறிக் காப்புறுதியில் ‘சொந்தச் சாமான் ஏற்றுவது’ வேறு, ‘கூலிக்கு ஏற்றுவது’ வேறு. கூலிக்கு என்றால் பிரீமியம் கூட. எங்கள் அண்ணன் ஆரம்பத்திலேயே பிடிவாதமாக ஹயர் என்றுதான் போட்டு வைத்திருந்தார். வருடா வருடம் ஏஜென்ட் தம்பி, “சொந்தச் சாமான் என்று போடுவோமே அண்ணே, காசு குறையும்” என்பான். அண்ணன் அசையவில்லை. அன்றைக்கு அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது.

அடுத்ததாக டிரைவரின் லைசன்ஸ். அசெசர் அதைத் திருப்பிப் பின்பக்கம் என்ன வகுப்பு என்று பார்த்தார். கார் ஓட்டும் லைசன்ஸ் மட்டும் உள்ளவர் இந்த அளவு லொறியை ஓட்டி மாட்டினால் பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும் பிரயோசனமில்லை. மருமகனை ஒரு நாளைக்கு ஓட்ட விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நசுங்கிய லீக்ஸுக்கு ஒரு சதமும் வரவில்லை. வராது என்று தெரியும். வாகனக் காப்புறுதி வாகனத்துக்குத்தான், ஏற்றிய சாமானுக்குத் தனியாக எடுக்க வேண்டும். டிரைவருக்கும் கிளீனருக்கும் கை கால் உடைந்தால் கொடுக்கும் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்பும் அப்படித்தான், கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. நாங்கள் அதைச் சேர்த்திருக்கிறோம். கிளீனர் பையன் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று வாயால் சொல்லிவிட்டு அதற்குக் கட்டாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது.

—

ஹட்டன், வேன்

நான் சொல்வது பக்கத்து வீட்டுக்காரரின் கதை. அவருடைய டொல்பின் வேனுக்குத் ‘தனிப்பட்ட பாவனை’ என்று காப்புறுதி. ஆனால் வேலை என்ன? காலையில் ஸ்கூல் பிள்ளைகள், மாசக் காசு. சனி ஞாயிறு கல்யாணம், சடங்கு. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன் என்றால் நல்லதண்ணிக்கு இராப்பகலாக ஹயர்.

நோர்வூட் பக்கம் ஒரு வளைவில் எதிரே வந்த முச்சக்கரவண்டியில் மோதிவிட்டது. வந்த அசெசர் வேன்காரரிடம் அதிகம் பேசவில்லை. வேனுக்குள் இருந்தவர்களிடம் போய், “எங்கே போகிறீர்கள், இவர் உங்கள் சொந்தக்காரரா?” என்று நல்ல மாதிரியாக விசாரித்தார். வேன்காரரும் சாடை காட்டிப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த ஆச்சி, “இல்லை ஐயா, தலைக்கு ஆயிரம் ரூபா குடுத்துத்தான் வாறோம்” என்று சொல்லிவிட்டார். ஆச்சியைக் குறை சொல்ல முடியுமா! வேனுக்குக் கேட்ட கிளைம் அதோடு முடிந்தது.

அடிபட்ட முச்சக்கரவண்டிக்காரரின் விஷயம் வேறு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை ரோட்டில் இறக்கக்கூடாது என்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. அது அடிபடுகிற மூன்றாவது ஆளுக்காக வைத்த சட்டம். ஆனால் நிபந்தனையை மீறி ஓட்டியிருந்தால், அவருக்குக் கொடுத்த காசைக் கம்பனி பிறகு நம்மிடமே திருப்பிக் கேட்க இடமுண்டு. அந்தக் கடிதம் எப்போது வருமோ என்று பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் தபால்காரரைக் கண்டாலே பயப்படுகிறார்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால் காப்புறுதிக் கார்டில் திகதியைப் பார்ப்பார்கள், வேலை முடிந்தது. அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். பாவனை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம்தான் வாசிக்க வேண்டும். ஏஜென்ட் தமிழில் ‘எல்லாம் இருக்கு’ என்கிறார், பொலிசி இங்கிலீஷில் வருகிறது. தமிழில் கேளுங்கள். இல்லை என்றால், படித்த பிள்ளை ஒன்றை உட்காரவைத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள்.

—

ஹல்துமுல்லை, பட்டா

மண்சரிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது என் சிநேகிதன் பட்டாவைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு கோவில் மண்டபத்துக்குப் போயிருந்தான். விடிந்து பார்த்தால் வண்டியின் கூரை மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது.

அவனிடம் இருந்தது ‘முழுக் காப்புறுதி’. முழு என்றால் எல்லாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கம்பனியில், வெள்ளமும் மண்சரிவும் மேலதிகக் காப்பு, நீங்கள் அதற்குக் கட்டவில்லை என்றார்கள். கலவரம், வேலைநிறுத்தத்துக்கும் இதே மாதிரி தனிக் காப்பு இருக்கிறது. கொழும்பில் ஓடுகிறவன் மண்சரிவை விட்டுவிடலாம். நம் பக்கத்தில் அதை விட்டுவிட்டு ரேடியோவுக்கும் கண்ணாடிக்கும் காப்பு எடுப்பது என்ன கணக்கோ!

இன்னொன்று, பெறுமதி. 2020இல் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனமும் யானை விலை. பலர் பழைய பெறுமதியையே புதுப்பித்துக்கொண்டு வந்தார்கள். சந்தையில் 30 இலட்சம் போகும் வண்டிக்கு 18 இலட்சம் என்று போட்டிருந்தால், ‘சராசரி’ நிபந்தனை (பெறுமதி குறைவாகப் போட்ட அளவுக்கு நட்டஈடும் குறையும் என்பது) உள்ள பொலிசியில் 5 இலட்சம் திருத்தச் செலவுக்கு 3 இலட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் நாம் ஏற்க வேண்டிய முதல் தொகை, பழைய பாகத்துக்கான தேய்மானம் என்று கழிவு உண்டு. இறக்குமதி மறுபடி திறந்திருக்கிறது, விலை ஏறி இறங்கும். அதனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இக்மன் விளம்பரத் தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெறுமதி சொல்லுங்கள்.

—

தலவாக்கலை, புதிய உறுப்பினர்

அண்ணன்மாரே, லீசிங்கில் உள்ள பட்டா முழுசாகப் போனால் காசு எனக்கு வருமா?

—

கந்தப்பளை, மரக்கறி லொறி

முதலில் லீசிங்காரருக்குத்தான், தம்பி. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று அவர்கள் பெயர்தானே இருக்கிறது. அவர்களுடைய பாக்கி கழிந்து மிஞ்சினால்தான் உனக்கு. பெறுமதி குறைவாகப் போட்டிருந்தால் வண்டியும் இல்லாமல் தவணையும் கட்டிக்கொண்டிருப்பாய்.

கம்பனி இல்லை என்றால் வாயால் சொன்னதோடு திரும்பி வராதே. காரணத்தை எழுத்தில் வாங்கு. அப்புறம் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அதுவும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று இடங்கள் இருக்கின்றன. ஹல்துமுல்லை அண்ணன், உங்கள் சிநேகிதன் அந்தக் கடிதத்தை வாங்கினாரா?