மூன்டிராப் சூ 2 இயர்போன்: முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

மூன்டிராப் நிறுவனத்தின் சூ 2 என்ற இந்த இயர்போனை வாங்கிய புதிதில் நான் எழுதிய பதிவு பெரும்பாலும் அதன் பெட்டியைப் பற்றியே இருந்தது. மேலுறையில் இருந்த அனிமே பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, படத்தில் காட்டிய அக்கறையைப் பொருளிலும் காட்டியிருக்கிறார்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அன்றாடம் பயன்படுத்திய பிறகு, காட்டியிருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

2022-இல் வந்த முதல் சூ மாடலில் கேபிளைக் கழற்ற முடியாது. அது அறுந்தால் இயர்போனே போயிற்று. 2023-இல் வந்த இந்த மாடலில் 0.78 மி.மீ. இரட்டை முள் இணைப்பு இருப்பதால் கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மலிவு விலை இயர்போன்களில் முதலில் பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான் என்பதால், ஒலியைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குறைவாக இருக்கிறது என்று எழுதியவர்கள் முதலில் காதுக்குள் போகும் சிலிகான் முனையின் அளவை மாற்றிப் பாருங்கள். நடுத்தர அளவு என் காதில் பொருந்தியதுபோல் தெரிந்தாலும், பேசும்போதும் மெல்லும்போதும் மெல்ல நழுவிக் காற்று புகுந்து, பாஸ் குறைந்துவிடும். பெரிய அளவைப் போட்டதும் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி முழுமையாகக் கேட்டது. பேருந்தில் பேச்சுச் சத்தம் நன்றாக மங்குகிறது, எஞ்சின் உறுமல் மட்டும் உள்ளே வரத்தான் செய்கிறது. சாதாரண வகையில் மைக் கிடையாது. அழைப்புகளுக்கும் வேண்டுமென்றால் மைக் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.