எலியின் கோல்கா2 மரபணு: இத்தனை வேலைகளில் எதை எழுதுவது?

கேள்வி: ஹிப்போவாசி

வணக்கம். எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் செய்த ஆர்என்ஏ-சீக் (மரபணுக்களின் ஆர்என்ஏ அளவைப் பார்க்கும் சோதனை) முடிவில் கோல்கா2 கூடியிருக்கிறது. எலி மரபணுத் தரவுத்தளத்தைத் திறந்தால் கோல்கை (செல்லில் புரதங்களைப் பிரித்தனுப்பும் சவ்வு அடுக்குகள்) அமைப்பு, வெசிக்கிள் (சரக்கு சுமக்கும் சிறு சவ்வுப் பை) போக்குவரத்து, நுண்குழல் உருவாக்கம், ஸ்பிண்டில் (செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்குழல் கட்டமைப்பு) அமைப்பு என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. பல வரிகளுக்குப் பக்கத்தில் ஐஎஸ்ஓ என்ற குறி. அதெல்லாம் மனித மரபணுவிலிருந்து எடுத்துப் போட்டது, நம்பாதே என்கிறார் சீனியர். எலியில் இது உண்மையில் என்னதான் செய்கிறது? ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுத வேண்டும்.

பதில் 1: கவர்ஸ்லிப்

ஐஎஸ்ஓ என்றால் வேறொரு இனத்தின் ஒத்த மரபணுவில் கிடைத்த சான்றை இதற்கும் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பொதுவாக உங்கள் சீனியர் சொல்லும் எச்சரிக்கை சரிதான். ஆனால் இந்த மரபணுவுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் இதன் கதை எலியில்தான் தொடங்குகிறது.

கோல்கா2 தரும் புரதத்தின் பெயர் ஜிஎம்130. எலிக் கல்லீரலிலிருந்து பிரித்த கோல்கையை டிடர்ஜென்டில் கரைத்த பிறகும் கரையாமல் ஒரு சட்டகம் மிஞ்சியது. அதிலிருந்த புரதமாக இதை நோபுஹிரோ நகமுரா, கிரஹாம் வாரன் குழுவினர் 1995-ல் விவரித்தார்கள். எடை சுமார் 130 கிலோடால்டன், பெயரில் உள்ள எண் அதுதான். இந்தப் புரதத்தை அடையாளம் காணப் பரவலாகப் பயன்படும் ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடிகூட எலிப் புரதத்தின் வால் பகுதியை வைத்துத்தான் தயாரிக்கப்பட்டது.

வேலை இதுதான். நீளமான சுருள் கம்பி போன்ற புரதம். அதன் வால் முனை கிராஸ்ப்65 என்ற புரதம் வழியாக சிஸ் பக்க (சரக்கு வந்து சேரும் பக்க) கோல்கைச் சவ்வில் ஊன்றி நிற்கும். தலை முனை பி115 என்ற புரதத்தைப் பிடிக்கும். புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலையிலிருந்து சரக்கோடு வரும் வெசிக்கிள் சவ்வோடு இணைவதற்கு முன் அதை அருகில் இழுத்து நிறுத்துவது இந்தக் கூட்டணி.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் 25-ஆவது அமினோ அமிலமான செரீன். செல் மைட்டாசிஸுக்குள் (செல் பிரிவுக்குள்) நுழையும்போது சிடிகே1 என்ற நொதி அங்கே ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே பி115 பிடி விட்டுப்போகும், வெசிக்கிள்கள் வந்து சேர்வது நிற்கும், கோல்கை சிதறத் தொடங்கும். என்ஆர்கே என்ற எலிச் சிறுநீரக வளர்ப்பு செல்களில் ஜிஎம்130-க்குச் சாயமேற்றி நீங்களே பாருங்கள். சாதாரண செல்லில் உட்கருவை ஒட்டி ஒரு பக்கமாக முறுக்கிய பட்டை பளிச்சென்று தெரியும். பிரிவின் நடுக்கட்டமான மெட்டாஃபேஸில் அதே ஒளி செல் முழுக்கப் புள்ளிகளும் மங்கலான படலமுமாகப் பரவியிருக்கும். இறுதிக்கட்டமான டீலோஃபேஸில் இரண்டு மகள் செல்களிலும் மறுபடி திரண்டுவிடும். ஒரே ஒரு அமினோ அமிலத்தின் மாற்றம் இவ்வளவு பெரிய உறுப்பைக் கலைக்க உதவுகிறது என்பதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

பதில் 2: மெம்பரேன்

ஒரு சின்னச் சேர்க்கை. ஜிஎம்130 இல்லாவிட்டால் கோல்கையே அழிந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. வளர்ப்பு செல்களில் அதைக் குறைத்தபோது அடுக்குகள் இருந்தன. பக்கவாட்டில் அவற்றை ஒன்றாக இணைக்கும் தொடர்ச்சிதான் அறுந்தது.

ஹிப்போவாசி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஸ்பிண்டில் என்ற வரி எங்கிருந்து வந்தது? என் திசுவில் இருப்பது பெரும்பாலும் பிரியாத நியூரான்கள்தானே?

பதில் 3: கவர்ஸ்லிப்

நல்ல கேள்வி. மைட்டாசிஸில் பி115 போனபின் காலியாகும் தலை முனை இம்போர்ட்டின் ஆல்ஃபா என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அதன் பிடியிலிருந்து விடுபடும் டிபிஎக்ஸ்2 என்ற புரதம் ஸ்பிண்டிலுக்கான நுண்குழல்களை வளர்க்கிறது. இது 2015-ல் வெளிவந்தது. உண்மையான கண்டுபிடிப்புதான், ஆனால் பிரியும் செல்லுக்கானது. நியூரானைப் பற்றிய பத்தியில் அதை முன்னால் வைக்காதீர்கள்.

நியூரானுக்கு வேறு இரண்டு விஷயங்கள் முக்கியம். எலி ஹிப்போகாம்பஸ் நியூரான்களின் டென்ட்ரைட் என்ற கிளைகளுக்குள், செல் உடலை விட்டுத் தள்ளி, கோல்கையின் சிறு துண்டுகள் உண்டு. ஜிஎம்130 சாயத்தில் அவை தெரியும். அப்புறம், சுண்டெலியின் நரம்பு மண்டலத்தில் இந்த மரபணுவை நீக்கியபோது சிறுமூளையின் பர்கிஞ்சி செல்கள் நலிந்து நடை தள்ளாடியது என்று 2017-ல் காட்டினார்கள். சுண்டெலி என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. ஆர்என்ஏ கூடியது என்பதால் மட்டும் கோல்கை மாறியது என்று எழுத முடியாது. அதே பட்டியலில் பி115-இன் மரபணு யுஎஸ்ஓ1, கிராஸ்ப்65-இன் மரபணு கோராஸ்ப்1 இரண்டும் ஏறியிருக்கின்றனவா பாருங்கள். சேர்ந்து ஏறியிருந்தால் சுரப்புப் பாதை முழுவதும் மாறியிருக்க வாய்ப்பு. கோல்கா2 மட்டும் என்றால் முதலில் வெஸ்டர்னில் (புரதங்களை எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் பார்க்கும் சோதனையில்) 130 கிலோடால்டனுக்கு அருகே பட்டையை உறுதிசெய்யுங்கள், பிறகு திசுத் துண்டில் நியூரான் குறியீட்டோடு சேர்த்துச் சாயமேற்றுங்கள். ஏறியது நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களிலா நியூரானிலா என்பது தெரியாமல் அந்தப் பத்தியை முடிக்க முடியாது.