மறுமொழி: விண்டேஜ் கம்ப்யூட்டர் – தொல்கணினியா, முதுகணினியா?

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

சேகரித்து வைக்கத்தக்க பழைய கணினியை, அதாவது விண்டேஜ் கம்ப்யூட்டரை, தமிழில் எப்படி அழைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுத வைத்தது ஒரு பள்ளியின் இருப்புப் பதிவேடு.

அங்கே படித்த நண்பர் ஒருவர், ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினி கிடக்கிறது என்று சொல்லியிருந்தார். போனேன். அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்: ‘பழைய கம்ப்யூட்டர் 4, பழுது, கண்டம்.’ கண்டம் என்றால் உதவாது என்று கழித்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் ‘மின்கழிவு’. ஒரே ஒரு மேல்மூடி மட்டும் மூலையில் மிச்சம் இருந்தது. வெயில் பட்ட பாதி மஞ்சளாகவும் மற்ற பாதி பழைய நிறத்திலும் இருந்தது. வெள்ளைப் பெயின்டில் பள்ளியின் பெயரையும் 3 என்ற எண்ணையும் யாரோ நிதானமாக எழுதியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினி கற்பிக்க கிளாஸ் திட்டத்தைத் தொடங்கியபோது நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்த பிபிசி மைக்ரோதான். பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி இது. ‘பி’ மாடலில் நினைவகம் 32 கிலோபைட். மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் செய்தது. பள்ளிக்கூடத்தில் கணினியைத் தொட்ட முதல் தலைமுறைக்கு அந்தச் சிவப்பு ஃபங்ஷன் விசைகள் இன்னும் நினைவிருக்கும்.

அதனால் நமது சொல்லை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். அந்தப் பதிவேட்டில் எந்தச் சொல் இருந்திருந்தால் அந்த நான்கும் பிழைத்திருக்கும்? 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் கல்வி நிறுவனங்களையும் பெருநுகர்வோர் (மின்சாதனங்களை மொத்தமாகப் பயன்படுத்துவோர்) என்ற வகையில் சேர்த்தன. அந்த விதிகளின்படி, கழிவு என்று எழுதிவிட்டால் அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் அதை ஒப்படைக்க வேண்டியிருந்தது. விதி நல்ல விதி. ஆனால் எழுதிய பிறகு சேகரிப்பாளர் வந்து நின்று பயனில்லை. அதற்கு முன்பே அந்தப் பெட்டிக்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

‘பழங்கணினி’ அதைக் காப்பாற்றாது. மூன்று வருடம் ஆன கணினியும் பள்ளிக்குப் பழசுதான். போதாததற்கு, ஆப்பிள் நிறுவனக் கணினியைப் பற்றி எழுதும்போது ‘பழம்’ குழப்பும்.

மதுரை ஐயா சொன்ன ‘தொல்கணினி’ காதுக்கு நன்றாக இருக்கிறது. தொல்பொருள், தொல்லியல் என்று உறவுகளும் உண்டு. ஆனால் தொல் என்றால் மண்ணைத் தோண்டும் காலத்துக்குப் போய்விடுகிறோம். 1901இல் கடலுக்கடியிலிருந்து எடுத்த ஆன்டிகைத்தெரா பொறிக்கு அந்தச் சொல்லை விட்டுவைக்கலாம். கிரேக்கர்கள் கோள்களின் போக்கைக் கணிக்கச் செய்த பல்சக்கரப் பொறிக்குத் தொல்கணினி என்பது அப்படியே பொருந்தும்.

‘செயலிழந்த கணினி’ என்ற முன்மொழிவை நான் ஏற்கவே மாட்டேன். பள்ளிப் பதிவேடுகளில் ‘பழுது’ என்று இருப்பவற்றில் பல, உண்மையில் பழுதே இல்லை. பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் (பவர் சப்ளை) ரிஃபா என்ற மின்தேக்கிகள் (கெபாசிட்டர்) இருக்கும். தேன் நிற ஒளிபுகும் உறைக்குள் காகிதம் சுற்றியிருக்கும். வருடங்கள் போக அந்த உறையில் மயிரிழை விரிசல் விட்டு ஈரம் உள்ளே இறங்கும். நெடுநாள் கழித்து மின்சாரம் கொடுத்ததும் படார் என்று வெடித்து அறை முழுக்கப் புகையும் நாற்றமும். பார்த்தவர் பயந்து பிளக்கைப் பிடுங்கி, ‘எரிந்துவிட்டது’ என்று எழுதிவிடுவார். பெரும்பாலும் அந்த மின்தேக்கிகளை மாற்றினாலே போதும். (உங்களில் யாருக்காவது பள்ளியில் ஒன்று கிடைத்தால், தயவுசெய்து உடனே சொருகிப் பார்க்காதீர்கள். ‘ஃபிக்ஸ்’ என்று பொறித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். முதலில் மின்வழங்கியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.) ஆகவே ஓடுகிறதா இல்லையா என்பது சொல்லுக்குள் வரவே கூடாது.

என் ஓட்டு ‘முதுகணினி’க்கு. முது என்பதில் வயதோடு மதிப்பும் சேர்ந்தே வருகிறது. மூதாட்டி, முதுமொழி, மூதூர் எல்லாம் அப்படித்தான். வல்லினம் மிகுமா என்று அக்கா கேட்டிருந்தார். முதுகுடி, முதுகாடு போல மிகாமலே வரும்.

இரண்டு தடைகளை நானே சொல்லிவிடுகிறேன். வேகமாகப் படிக்கும்போது ‘முதுகு’ கண்ணில் படுகிறது. அது இரண்டு முறை பழகினால் போய்விடும். மற்றது கொஞ்சம் கனமானது: முதுகலை, முதுநிலை என்பதால் உயர்நிலைக் கணினி என்று எடுத்துக்கொள்வார்களா? பதிவேட்டில் கழிவு, பழுது என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதும்போது அந்த மயக்கம் வராது என்று நினைக்கிறேன். அப்படியே வந்தாலும், உயர்ந்தது என்று நினைத்து ஒருவர் தூக்கிப் போடாமல் வைத்தால் நமக்கு நட்டமில்லை.

அப்புறம், தேடி எடுக்கும் வேலைக்குக் ‘கணினி மீட்பு’ வேண்டாம். தரவு மீட்புக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. ‘முதுகணினி சேகரிப்பு’ போதும்.

அடுத்த வாரம் இன்னொரு பள்ளிக்கு விண்ணப்பம் கொடுக்கிறேன். ‘கண்டம் செய்யும் முன் முதுகணினிகளைத் தனியே பட்டியலிட்டுத் தர வேண்டுகிறேன்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஆண்டுக்கு முந்தியது முதுகணினி என்று அவர்கள் கேட்பார்கள். 1995 என்று வைக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.