பக்கத்து வீட்டுப் பையன் மார்மன் ஊழியத்துக்குப் போகிறான்: அவனுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

மலைச்சாரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். யூட்டா மாநிலத்தின் லீஹை நகரத்தில் குடியிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் மார்மன் குடும்பங்கள்தாம். எங்கள் பிள்ளைகளைத் தன் தம்பி தங்கையைப் போலப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு 18 வயது நிறைந்து, இரண்டு ஆண்டுகள் வெளியூரில் தங்கித் தன் மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்கான அழைப்பும் வந்துவிட்டது. சென்ற வாரம் உறவினர் எல்லாரும் கூடியிருக்க, மடிக்கணினியில் வந்த கடிதத்தை அவன் உரக்கப் படித்தான். பிரேசில் நாட்டின் கூரிட்டிபா. போர்த்துக்கேய மொழியில் ஊழியம். அவனுடைய தாயார் கைதட்டிக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராகச் செல்லும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, அவர்கள் அன்றாடப் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. முழு நாளும் கதவு தட்டுவதுதான் வேலையா? பெற்றோருடன் பேச முடியுமா? செலவு யாருடையது? வழியனுப்பும்போது அவனுக்குப் பயன்படும்படி எதைக் கொடுக்கலாம்? அவர்களுடைய கொள்கை சரியா தவறா என்ற விவாதத்தை இந்த இழையில் தவிர்த்துவிட்டு, அன்றாட வாழ்க்கையைப் பற்றி மட்டும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள் எல்டர்

நான் கோயம்புத்தூரில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை (மார்மன் சபையின் முறையான பெயர் இதுதான்) சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவன். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷனின் (ஊழியப் பகுதியின்) கீழ் ஹைதராபாத்திலும் விசாகப்பட்டினத்திலும் ஊழியம் செய்திருக்கிறேன். ஊர் வேறானாலும் நாளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

காலை 6.30 மணிக்கு எழ வேண்டும். அரை மணி நேர உடற்பயிற்சி, குளியல், சிற்றுண்டி ஆகியவற்றை முடித்தபின் தனியாக வேதம் படிப்பது, பிறகு துணைவருடன் சேர்ந்து படிப்பது, புதிய மொழி என்றால் அதற்கும் ஒரு நேரம் என்று காலைப்பொழுது போய்விடும். 10 மணி வாக்கில் வெளியே கிளம்பினால் இரவு 9 அல்லது 9.30 மணிக்குள் அறைக்குத் திரும்பி, மறுநாளுக்குத் திட்டமிட்டு, 10.30 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017இல் இந்த நேரங்களை அந்தந்த ஊருக்கு ஏற்றவாறு சற்று மாற்றிக்கொள்ள இடமளித்தார்கள். தொலைக்காட்சி, திரைப்படம், காதல், நீச்சல் எதற்கும் அனுமதி இல்லை. பெயரில் உங்கள் முதற்பெயரும் போய்விடும். குடும்பப் பெயருக்கு முன் ஆண் ஊழியருக்கான ‘எல்டர்’ என்ற பட்டத்தைச் சேர்த்தே இரண்டு ஆண்டுகளும் அழைப்பார்கள்.

இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். கதவைச் சாத்துகிறவர்களும் பழகிவிடுவார்கள். பழகாதது ஒன்று உண்டு: தனிமை என்பதே கிடையாது. கம்பானியன் எனப்படும் துணைவர் உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். படுப்பதும் ஒரே அறையில்தான். அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மிஷன் தலைவர் நியமிக்கிறார். என்னுடன் இருந்த ஒருவர் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதெல்லாம் ஒரே ஞானப்பாட்டின் முதல் அடியை மட்டும் முணுமுணுப்பார். இரண்டாம் அடிக்கு ஒருநாளும் போனதில்லை. அதை முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு நான் பிரசங்கத்துக்குச் செலவிட்டதைவிட அதிகப் பொறுமையைச் செலவிட்டேன். இதற்காகவே, வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒருவர்மீது மற்றவருக்கு உள்ள மனக்குறைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. முதல் சில முறை இருவருமே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவோம். பிறகுதான் உண்மை வெளிவரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும். அதில் துணைவர் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம்.

வீட்டாருடன் பேசுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, ஆயத்த நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, கடிதம் எழுதுவது எல்லாம் அன்று மாலைக்குள் முடிய வேண்டும். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஆயத்த நாளில் பேசவோ காணொளியில் பார்க்கவோ அனுமதி உண்டு. அவனுடைய தாயாருக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது. அவர் இப்போதே நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டிருப்பார்.

கணக்கப்பிள்ளை

செலவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஊழியம் செய்வதற்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பங்கள் மாதம் 500 டாலர் கட்டுகின்றன; 2020 ஜூலைக்கு முன்பு இது 400 டாலராக இருந்தது. பையனை டோக்கியோவுக்கு அனுப்பினாலும் வாழ்க்கைச் செலவு குறைந்த சிற்றூருக்கு அனுப்பினாலும் கட்டும் தொகை ஒன்றே. 1990களின் தொடக்கம் வரை அந்தந்த ஊரின் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியிருந்ததால், எந்த ஊர் வாய்க்கிறது என்பது பெற்றோருக்குப் பெரிய கவலையாக இருந்ததாம். இப்போது பணம் பொதுவில் சேர்ந்து, வாடகை போக, உணவுக்கும் பயணத்துக்கும் ஒரு தொகை ஊழியர் கையில் அட்டை வழியாக வருகிறது. மாதக் கடைசியில் முட்டையும் நூடுல்ஸுமாக ஓடும் என்று என் அலுவலகத்தில் ஊழியம் முடித்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பல குடும்பங்களில் பையன்கள் சிறுவயது முதலே புல் வெட்டியும் பனி தள்ளியும் இதற்கென்று சேமிக்கிறார்கள்.

தெற்குக்காற்று

வாகனத் தொழிற்சாலை வேலையாகக் கூரிட்டிபாவில் சில காலம் வாழ்ந்தவன் என்பதால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு முன்னால் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் இருப்பதால் வாசல்வரை போய்த் தட்ட முடியாது. தெருவில் நின்று கையைத் தட்டி அழைப்பதுதான் அந்த நாட்டு வழக்கம். எங்கள் தெருவில் நெடிய அமெரிக்கப் பையன் ஒருவன் உள்ளங்கை சிவக்கக் கைதட்டிவிட்டு, உள்ளிருந்து நாய் குரைக்கத் தொடங்கியதும் தன் பிரேசில் நாட்டுத் துணைவனுக்குப் பின்னால் ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய் போல இருக்கும் அந்நகரத்துப் பேருந்து நிறுத்தங்களிலும் அவர்களைக் காணலாம். பக்கத்தில் நிற்பவரிடம் தடுமாற்றமான போர்த்துக்கேயத்தில் பேச்சுக் கொடுப்பார்கள், பெரும்பாலோர் எரிச்சலின்றிப் பதில் சொல்வார்கள். பிரேசிலில் அச்சபைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. கூரிட்டிபாவிலேயே 2008இல் ஓர் ஆலயம் திறந்தார்கள். ஆகையால் அவன் ஆளில்லாத இடத்துக்குப் போகவில்லை.

பகல் உணவுக்குக் கவலை வேண்டாம். சபைக் குடும்பங்கள் முறைவைத்து ஊழியர்களை மதியம் அழைத்து, சோறும் பயறும் இறைச்சியுமாகப் போடுவார்கள். ஆனால் சபை விதிப்படி காபி குடிக்கக் கூடாத பிள்ளைக்குப் பிரேசில் ஒரு சோதனைதான், போகிற வீட்டிலெல்லாம் சிறு கோப்பையில் அதைத்தான் நீட்டுவார்கள்.

நீங்கள் என்ன கொடுக்கலாம் என்பதற்கு என் பதில்: உள்ளே அணியும் கம்பளி உடை. பிரேசில் என்றதும் வெயில் என்று எண்ணிவிடுவார்கள். கூரிட்டிபா 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஜூன், ஜூலை மாதங்களில் நன்றாகக் குளிரும், வீடுகளில் வெப்பமூட்டும் வசதி பொதுவாகக் கிடையாது. யூட்டாவின் பனியில் வளர்ந்தவனுக்கு வெளியில் இருக்கும் குளிர் பெரிதல்ல. வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் புதிது.

ஐயவினா

அன்றாட வாழ்க்கை என்பதால் கேட்கிறேன், விவாதத்துக்காக அல்ல. 18 வயதில் ஊரையும் மொழியையும் படிப்பையும் விட்டுப் போகும் ஒரு பிள்ளை இடையில் மனமுடைந்தால் என்ன செய்வான்? தகுதியுள்ள ஆண்களுக்கு இது கடமை என்றே சொல்கிறார்கள். அப்படியிருக்கையில், அது அவனுடைய சொந்த முடிவா, ஊராரின் எதிர்பார்ப்பா என்று எப்படிப் பிரித்தறிவது?

முன்னாள் எல்டர்

நேர்மையான கேள்வி. பிரித்தறிவது பல சமயம் அவனுக்கே முடியாது. 2012இல் ஆண்களின் குறைந்தபட்ச வயதை 19இலிருந்து 18ஆகவும் பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைத்தபோது, கல்லூரிக்குப் போய் ஓராண்டு தனியே வாழ்ந்து பார்க்கும் இடைவெளி பையன்களுக்கு இல்லாமல் போயிற்று. பள்ளி முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு இது விருப்பமே, கடமையல்ல. அவர்களுக்கு 18 மாதம்தான். எனக்குத் தெரிந்தவரை, பெண் ஊழியர்கள் கூடுதல் தெளிவுடன் வருவதற்கு அதுவே காரணம்.

மனம் தளர்ந்தால் மிஷன் தலைவரிடமும் அவருடைய மனைவியிடமும் சொல்லலாம், மனநல ஆலோசனையும் ஏற்பாடு செய்வார்கள். வீடு திரும்பி, அங்கிருந்தபடியே உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை ஊழியராகத் தொடரவும் வழியுண்டு. ஆயினும், முன்கூட்டியே திரும்பி வந்தவனை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சிலர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த விதியும் மருந்தாகவில்லை. லீஹை போன்ற ஊரில் அது இன்னும் கூர்மையாக இருக்கும்.

மலைச்சாரல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. கம்பளி உடை வாங்கிவிடுகிறோம். இன்னும் ஒன்று: குடும்பத்தார் அல்லாத நாங்கள் அவனுக்கு மின்னஞ்சல் எழுதலாமா? எழுதினால் அவன் மனம் கலையுமா?

முன்னாள் எல்டர்

தாராளமாக எழுதலாம். பதில் திங்கட்கிழமைதான் வரும், சில வாரங்களில் வராது. அதற்காக வருந்த வேண்டாம். கால்பந்து முடிவுகள், உங்கள் பிள்ளைகள் செய்த குறும்பு, தெருவில் யார் வீட்டில் புதிதாக நாய் வாங்கினார்கள் என்பன போன்றவற்றை எழுதுங்கள். ‘எப்போது திரும்புவாய்’ என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் ஒரு வாரப் பயிற்சியை வீட்டிலிருந்தே இணையவழியில் முடித்துவிட்டு, அதன்பிறகே யூட்டாவின் புரோவோவுக்கோ பிரேசிலின் சாவோ பாவுலோவுக்கோ மொழிப் பயிற்சிக்குப் போவான். அந்த ஒரு வாரம் பக்கத்து வீட்டிலேயே இருந்தாலும் அவன் ஊழியன்தான், உங்கள் பிள்ளைகளைப் பழையபடி அங்கே விளையாட அனுப்பாமல் இருப்பது நல்லது.