இயக்குநர் தங்கர் பச்சான் படங்களும் நம் ஊர்ப் பக்கமும்: உங்கள் அனுபவம் என்ன?

முந்திரிக்கொல்லை, பண்ருட்டி:
‘ஒன்பது ரூபாய் நோட்டு’ கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2007இல் படம் வந்தபோது அப்பாவைக் கடலூருக்கு அழைத்துப் போனேன். அண்ணனும் நானும் கொல்லையைப் பாகம் பிரிக்கப் பேசிக்கொண்டிருந்த நேரம். மாதவராக நடித்த சத்யராஜ் மனைவியோடு வீட்டை விட்டு வெளியேறும் இடம் வந்ததும் அப்பா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். இடைவேளையில் தேநீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். பாகப் பேச்சு அதோடு நின்றது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அப்புறம் பிரிக்க என்ன இருக்கிறது? இன்றும் அந்தப் படம் டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுகிறேன்.

உப்புக்காற்று, புதுச்சேரி:
உங்கள் அப்பா பார்த்த பார்வை புரிகிறது. ஆனால் எல்லோரும் தங்கர் பச்சானைக் கதைக்காரராகவே பேசுகிறீர்கள். ‘காதல் கோட்டை’க்கும் (1996) ‘பாரதி’க்கும் (2000) ஒளிப்பதிவு செய்த கை அது. அந்தப் புழுதியும் வெயிலும் சும்மா வரவில்லை.
நான் நேரில் பார்த்தது வேறொரு இயக்குநரின் படப்பிடிப்பு. முத்தியால்பேட்டையில், சித்திரை மாதத்தில், மழைக் காட்சி. தெருக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை; லாரித் தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சினார்கள். எதிர்வீட்டுப் பாட்டி குடத்தோடு வந்து மழைக்கு நடுவே நின்றுவிட்டார். உதவி இயக்குநர்கள் கத்துகிறார்கள், கதாநாயகி சிரிக்கிறார், பாட்டி அசையவில்லை. “குடம் நிறையட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்றார் இயக்குநர். படத்தில் அந்தத் தெருவே இல்லை. வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

வடபழனி ரிட்டர்ன், நெல்லிக்குப்பம்:
நானும் உதவி இயக்குநராகத் திரிந்தவன். கதை கேட்பதாகச் சொன்ன ஒரு தயாரிப்பாளர், நான் பாதி சொல்லும்போதே தூங்கிவிட்டார். குறட்டை வேறு. என் கதையை விடுங்கள். சினிமாவுக்குக் கிளம்பும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: நிலத்தை விற்றுக் குறும்படம் எடுக்காதீர்கள். முதலில் எழுதுங்கள். ‘அழகி’ (2002) தங்கர் பச்சானுடைய ‘கல்வெட்டு’ சிறுகதையிலிருந்து வந்தது. ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ அவருடைய நாவல். நன்றாகப் படிக்கவும் வேண்டும். ‘சொல்ல மறந்த கதை’க்கு நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவலை எடுத்துக்கொண்டார். கையில் ஒரு தொழிலும் இருக்கட்டும்: அவருக்குக் கேமரா இருந்தது, கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலக வேலையில் இருந்துகொண்டேதான் நாடகம் போட்டார். வாடகைக்கு வழி இல்லாதவன் எந்தத் தயாரிப்பாளர் சொல்வதற்கும் தலையாட்டிவிடுவான். கதாநாயகனை மாற்று என்றால் மாற்றுவான், கிராமத்தை மாற்று என்றால் அதையும் மாற்றுவான். இன்னும் ஒன்று, திருமணத்தை...

கெடிலக்கரை, கடலூர்:
அண்ணே, அனுபவத்தைத்தானே கேட்டார்கள்? திருமணம் வரைக்கும் போய்விட்டீர்கள்.
2024 மக்களவைத் தேர்தலில் தங்கர் பச்சான் இங்கே பா.ம.க. வேட்பாளராக நின்றாரே, அப்போது நடந்தது. பிரசார நோட்டீசை என் ஆயாவிடம் காட்டி, “அழகி எடுத்தவர் இவர்தான்” என்றேன். ஆயா படத்தை உற்றுப் பார்த்தார், சின்னத்தையும் பார்த்தார். “பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளை என்கிறாய், பிறகு ஏன் மாம்பழத்தில் நிற்கிறார்? பலாப்பழம் கிடைக்கவில்லையா?”
அவர் தோற்றார். ஆயா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.