ஏபிஏ மேற்கோள்: ஒரே ஆசிரியருக்குச் சில இடங்களில் மட்டும் இனிஷியல் வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

கல்வியியல் மாணவி:
வணக்கம். வேர்டில் ஸோடெரோ (மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் மென்பொருள்) வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். மேற்கோள் பாணி ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணி) 7ஆம் பதிப்பு. மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் பெயரும் ஆண்டும் ஒழுங்காக வருகின்றன. ஒருவருக்கு மட்டும் ஓரிடத்தில் (எஸ். ராமன், 2018), இன்னோரிடத்தில் (எஸ். கே. ராமன், 2020) என்று வருகிறது. இருவரும் ஒரே ஆள்தான். இனிஷியலை அழித்தால் ஏதோ எச்சரிக்கை வருகிறது. இந்தத் தொல்லைக்கு எம்எல்ஏ என்ற இன்னொரு மேற்கோள் பாணிக்கே மாறிவிடலாமா?

பொறுமைசாலி:
மென்பொருளை விட்டுவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள். பத்துப் பதினைந்து மேற்கோளுக்கு அது போதும்.

நூலக மேசை:
கையால் அடிக்கலாம்தான். ஆனால் நெறியாளர் கடைசி நேரத்தில் பாணியை மாற்றச் சொன்னால் அழுகைதான் வரும்.

பாணியை மாற்றினாலும் இந்தக் கோளாறு போகாது. ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பேர் இருந்தால் அவர்களைப் பிரித்துக்காட்ட இனிஷியல் போட வேண்டும் என்பது ஏபிஏ விதி. உங்கள் ஸோடெரோ தொகுப்பில் ஒரு பதிவில் 'எஸ்.' என்றும் மற்றதில் 'எஸ். கே.' என்றும் இருக்கும். மென்பொருள் அவர்களை இரண்டு ஆட்களாக எடுத்துக்கொள்கிறது. இரு பதிவுகளிலும் பெயரை ஒரே வடிவில் எழுதிவிட்டு, வேர்டில் உள்ள ஸோடெரோ பட்டையில் ரெஃப்ரெஷ் பொத்தானை அழுத்துங்கள். உண்மையிலேயே இரண்டு பேர் என்றால் மட்டும் அப்படியே விடுங்கள்.

அந்த எச்சரிக்கையை மீறி வேர்டிலேயே திருத்தினால், அந்த மேற்கோள் அதற்குப் பிறகு தானாகப் புதுப்பிக்கப்படாது. எனவே திருத்தம் எதுவானாலும் ஸோடெரோவுக்குள் செய்யுங்கள்.

எம்எல்ஏ இலக்கியத் துறையினருக்கு வசதியானது. அதில் (ராமன் 45) என்று பெயரும் பக்க எண்ணும் மட்டுமே வரும். கல்வியியலில் ஆய்வு எந்த ஆண்டில் வந்தது என்பதுதான் முதலில் பார்க்கப்படும். ஏபிஏவிலேயே இருங்கள்.

கல்வியியல் மாணவி:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி! தரவுத்தளத்திலிருந்து இறக்கியபோதே பெயர் இரண்டு விதமாக வந்திருக்கிறது. இன்னும் ஒன்று: ஒரே கட்டுரை 2019அ, 2019ஆ என்று இரண்டாக வருகிறது. துறையின் வழிகாட்டிக் கையேடோ நூல்களுக்குப் பதிப்பகத்தின் ஊரையும் கேட்கிறது. ஸோடெரோ அதைக் காட்டவில்லை.

நூலக மேசை:
அந்தக் கட்டுரை உங்கள் தொகுப்பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஒன்றை அழிக்காதீர்கள். இரட்டைப் பதிவுகளுக்கான பகுதியில் இரண்டையும் இணைத்துவிடுங்கள். அழித்தால் வேர்டில் உள்ள மேற்கோளின் தொடர்பு அறுந்துபோகும்.

ஊர் கேட்பது 6ஆம் பதிப்பின் வழக்கம். 2019இல் வெளியான 7ஆம் பதிப்பு அதை நீக்கிவிட்டது. மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே முதல் மேற்கோளிலிருந்து ஒருவர் பெயரும் 'மற்றும் பலரும்' போதும் என்பதும் அதில் வந்த மாற்றம். எந்தப் பதிப்பு வேண்டும் என்று நெறியாளரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். மதிப்பெண் போடுபவர் அவர்.

பொறுமைசாலி:
ஆங்கிலத் தலைப்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபிஏவில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லும், துணைத்தலைப்பின் முதல் சொல்லும், சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். ஸோடெரோவில் தலைப்பின் மேல் வலது சொடுக்கினால் மாற்றலாம். ஆனால் எது ஊர்ப்பெயர், எது சாதாரணச் சொல் என்று அதற்குத் தெரியாது. மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பாருங்கள்.